காற்றுக்கு எதிரே குற்றாலம்... டீசல் கணக்கு சரியா போட்டாச்சா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மதுரையில் இருந்தும் திருநெல்வேலியில் இருந்தும் தென்காசி நோக்கி வரும் வேன்களை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மேலே கேரியரில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டைகள். அதில் பாதி துணி, பாதி பாத்திரம். உள்ளே 17 பேர் உட்காரும் இடத்தில் மடியில் குழந்தைகளையும் சேர்த்து 20 பேர். காலுக்குக் கீழே அரிசிப் பை, தண்ணீர் கேன், புளியோதரை டப்பா. எண்ணெய் தேய்த்துக் குளிக்க நல்லெண்ணெய் பாட்டில், சீயக்காய், மாற்றுத் துணி என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் பட்டியல் போட்டிருப்பார்கள். டீசலுக்கு மட்டும் பட்டியல் கிடையாது. ‘அதெல்லாம் டிரைவர் பார்த்துக்குவார்’ என்பதோடு முடிந்துவிடும். சொந்த வண்டி என்றால், ‘லைட் எரிஞ்சா பார்த்துக்கலாம்!’

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்புவார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அந்த இழுவை வண்டியிலேயே இருக்கும். அவர்களுக்குப் பயணத் திட்டம் என்றாலே பாதி எரிபொருள் திட்டம்தான். எங்கே நிரப்புவது, அந்த பங்க்குக்குள் இவ்வளவு நீள வண்டி நுழையுமா, ஏற்றத்துக்கு முன்பா பின்பா என்று முதல் நாளே குறித்துவைப்பார்கள். நம் ஊரில் அப்படி இழுத்துப் போகிறவர்கள் அபூர்வம். கேரள அரசு 2021-ல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்த பிறகு, படுக்கை வசதி கொண்ட வண்டிகளை அந்தப் பக்கம் அவ்வப்போது பார்க்க முடிகிறது. ஆனால், சுமை என்று பார்த்தால் குற்றாலத்துக்கு வரும் நம் குடும்ப வேன் எந்த கேரவனுக்கும் இளைத்ததல்ல. வீட்டைப் பின்னால் இழுக்காமல் தலையில் தூக்கி வருகிறது, அவ்வளவுதான்.

தென்காசிப் பாதையில் சுமையோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. காற்று!

சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குப் பருவக்காற்று, செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வேகமாக இந்தப் பக்கம் இறங்குகிறது. தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்கு ராஜகோபுர வாசலில் அடிக்கும் காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, புடவை முந்தானையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

திருநெல்வேலியில் இருந்து தென்காசிக்கு 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏறக்குறைய முழுத் தூரமும் மேற்கு நோக்கியே போகிறது சாலை. அதாவது சீசன் நேரத்தில் காற்றுக்கு நேர் எதிரே. மதுரையில் இருந்து வரும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, ராஜபாளையத்தைத் தாண்டியதும் மலை அடிவாரத்தை ஒட்டியே வருகிறது. கடையநல்லூரை நெருங்க நெருங்க காற்று பக்கவாட்டில் இருந்து வண்டியைத் தள்ளும். கேரியரில் மூட்டை உயரமாக இருந்தால் ஸ்டீயரிங்கிலேயே அது தெரியும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். உங்கள் வேன் 60 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கிறது. வண்டியைப் பொறுத்தவரை அது 90 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்குச் சமம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால், தடுக்கும் விசை இரண்டே கால் மடங்காகிவிடும். டீசல் செலவும் இரண்டே கால் மடங்கு ஆகும் என்று பயந்துவிட வேண்டாம். டயர் உராய்வு, எஞ்சினின் சொந்த இழப்பு என்று மற்ற செலவுகள் மாறாமல் இருக்கும். ஆனால், ஸ்பீடோமீட்டரில் அதே 60 இருக்கும்போதே டீசல் முள் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். காரணம் புரியாமல், ‘பங்க்ல ஏமாத்திட்டான்’ என்று திட்டுவோம். பல நேரம் வாங்கிக்கொண்டது காற்றுதான்.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் இருந்து தென்காசி சுமார் 160 கி.மீ. அருவிக்கு அருவி அலைவது இரண்டு நாளில் 50 கி.மீ. மலை தாண்டி பாலருவிக்குப் போய்வர 60 கி.மீ. திரும்ப ஊருக்கு 160 கி.மீ. மொத்தம் 430 கி.மீ. ‘வண்டி லிட்டருக்கு 10 தரும்’ என்று வைத்தால் 43 லிட்டர். காகிதத்தில் கணக்கு அழகாக முடிந்துவிட்டது.

நிஜத்தில் முழுச் சுமையோடும் எதிர்க்காற்றோடும் போகும்போது 10 கொடுத்த வண்டி 8 கொடுத்தாலே நல்லது. போக 20 லிட்டர். குற்றாலத்து நெரிசலில் 6 கிடைக்கும் என்று வையுங்கள், அந்த 50 கிலோமீட்டருக்கு 8 லிட்டர். குழந்தை தூங்குகிறது என்று ஏ.சி.யைப் போட்டு வண்டியை நிறுத்தியே ஓடவிட்டால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் போகும், இரண்டு நாளில் 4 மணி நேரம் என்றால் 4 லிட்டர். பாலருவி ஏற்ற இறக்கத்துக்கு 8 லிட்டர். திரும்பும்போது காற்று முதுகில் என்பதால் 16 லிட்டர் போதும். கூட்டினால் 56. காகிதக் கணக்கைவிட 13 லிட்டர் அதிகம். பணமாகப் பார்த்தால் ஏறக்குறைய 1,200 ரூபாய். அது போனால் போகிறது என்று விடலாம். ஆனால், அந்த 13 லிட்டர் இல்லாமல் மலைப்பாதையில் இருட்டிய பிறகு நிற்பது வேறு விஷயம்.

பெட்ரோல் வண்டி தீர்ந்துபோனால் ஊற்றிக் கிளப்பிவிடலாம். டீசல் வண்டி அப்படியல்ல. டேங்க் வறண்டால் குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். டீசலை ஊற்றினாலும் அந்தக் காற்றை வெளியேற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கும். டிரைவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மெக்கானிக் வர வேண்டும். அதுவரை சாலையோரத்தில், மழையில், பிள்ளைகளோடு காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் சுமை வண்டிக்கு ‘லைட் எரிஞ்சா’ கணக்கு உதவாது. பாதி டேங்க் ஆனதுமே அடுத்த நல்ல பங்க் எது என்று தேட ஆரம்பிப்பதுதான் நீளமான வண்டி ஓட்டுகிறவர்களின் பழக்கம். ‘நல்ல பங்க்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு வரும் டிரெய்லரை இந்தப் பக்கத்துச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். புதிய இறக்கைகள் 60 மீட்டரையும் தாண்டும். அந்த வண்டி போகிற போக்கில் கண்ணில் பட்ட பங்க்குக்குள் திரும்ப முடியாது. எங்கே ஒதுங்கலாம், எங்கே திரும்பலாம் என்பது கிளம்பும் முன்பே முடிவாகி இருக்கும். நம் வேனுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனாலும் கேரியரில் உயரமாக மூட்டை இருக்கிறதென்றால் பங்க் கூரையின் உயரத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் சின்ன டிரெய்லரை இழுத்து வருகிறீர்கள் என்றால், ஒரு பக்கம் நுழைந்து நேராக மறுபக்கம் வெளியேறும் பங்க்காக இருக்க வேண்டும். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது பழகியவர்களுக்கே சிரமம். நீங்கள் திருப்ப நினைக்கும் திசைக்கு எதிர்த் திசையில் அது போகும். லாரிகள் டீசல் போட நிற்கும் பகுதி பெரும்பாலும் விசாலமாக இருக்கும், பெரிய வண்டிக்கு அதுவே சௌகரியம். சாலையின் இடதுபக்கம் உள்ள பங்க்கையே தேர்ந்தெடுங்கள். நான்கு லிட்டர் டீசலுக்காக வேகமான சாலையைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டாம்.

மதுரைப் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் என்று வரிசையாக ஊர்கள். நெல்லையில் இருந்து வந்தால் ஆலங்குளம், பாவூர்சத்திரம். என் கருத்து, தென்காசி நகருக்குள் நுழையும் முன்பே நிரப்பிவிடுவது நல்லது. சீசன் சனி, ஞாயிறுகளில் தென்காசியில் இருந்து குற்றாலம் வரையிலான ஐந்தாறு கிலோமீட்டரில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அங்கே போய் பங்க் வரிசையில் நிற்பது, அருவிக்கு வந்துவிட்டு மோட்டார் பம்ப்பில் குளிப்பது மாதிரி.

டீசலுக்காக நிற்கும் இடம் வண்டிக்கு மட்டுமான இடம் அல்ல. வேனில் இருக்கும் பாட்டிக்கும், கர்ப்பிணிக்கும், பத்து வயதுப் பெண் பிள்ளைக்கும் அதுதான் கழிப்பறை நிற்கும் இடம். பல வீடுகளில் பெண்கள் பயணத்தன்று காலையில் இருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது ஊருக்கே தெரிந்த ரகசியம். பங்க்குகள் வாடிக்கையாளருக்குக் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று ஆகியவற்றை இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. கேட்பதில் கூச்சம் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்பது என்று முடிவு செய்து, அதில் ஒன்றை டீசலுக்கான நிறுத்தமாக வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். கழிப்பறை எப்படி இருக்கிறது என்று முதலில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு டீசல் போடச் சொல்லும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

அதே நிறுத்தத்தில் டயர் காற்றையும் பாருங்கள். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று டிரைவர் பக்கக் கதவின் ஓரத்திலோ வண்டிப் புத்தகத்திலோ போட்டிருக்கும். காற்று குறைந்த டயர் டீசலையும் தின்னும், சூடாகி வெடிக்கவும் செய்யும்.

புதிய டீசல் வண்டிகளில் இன்னொரு டேங்க்கும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, பல டீசல் வேன்களில் நீல மூடி போட்ட தனித் தொட்டி இருக்கிறது. அதில் ஊற்றுவது ‘ஆட்ப்ளூ’ என்று சொல்லப்படும் யூரியா கரைசல், புகையைச் சுத்தம் செய்ய. அது தீர்ந்தால் வண்டி முதலில் எச்சரிக்கும். பிறகு எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அணைத்துவிட்டால் மறுபடி கிளம்ப மறுக்கும் வண்டிகளும் உண்டு. ஏற்றத்துக்கு முன்னால் அந்த அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீல மூடிக்குள் தவறிக்கூட டீசலை ஊற்றவிடாதீர்கள், செலவு பெரிது.

குற்றாலத்தில் திட்டம் எந்த நிமிடமும் மாறும் என்பதைப் பழகியவர்கள் அறிவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். இப்போது மலையில் மழை என்றாலே குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள், போடத்தான் வேண்டும். ஆனால், முதல் நாள் இரவெல்லாம் பயணம் செய்து வந்த குடும்பம் அங்கே நின்று என்ன செய்யும்? ‘பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குப் போகலாமா? அச்சன்கோவில் வழியில் கும்பாவுருட்டி இருக்கே! பாலருவி திறந்திருக்கா?’ என்று வேனுக்குள் மாநாடு தொடங்கும். இந்த மாநாட்டில் டேங்க்குக்கும் ஓட்டு உண்டு. பண்பொழி, மேக்கரை தாண்டி அச்சன்கோவிலுக்குப் போவது காட்டுப் பாதை. பாலருவிக்குப் புளியரை மலைப்பாதை. இரண்டுக்குமே டீசலை இந்தப் பக்கமே நிரப்பிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். அருவி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாலருவியில் நம் வண்டியை நுழைவாயில் பக்கமே நிறுத்திவிட்டு, வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். வாடகை வேன் என்றால் கேரளாவுக்கான பெர்மிட், வரி விஷயத்தை டிரைவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

இந்தப் பக்கம் நிரப்பச் சொல்வதற்கு விலையும் ஒரு காரணம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் மீதான வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கேரளா, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டது. இப்படி வரி வித்தியாசத்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் விலை சில ரூபாய் கூடுதல். எல்லையோரத் தமிழக பங்க்குகளில் கே.எல். நம்பர் வண்டிகள் நிற்பதற்குக் காரணம் இதுதான். இந்த வித்தியாசத்தைத் திரும்பி வரும்போதும் பயன்படுத்த ஆசை வரும். கொல்லத்தில் இருந்தோ சபரிமலையில் இருந்தோ வருகிறவர்கள், ‘புளியரை போய் போட்டுக்கலாம்’ என்று முள்ளைச் சிவப்புக்கு இறக்கிவிடுவார்கள். தென்மலையில் இருந்து ஆரியங்காவு வரை ஏற்றம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மிச்சமாகும் ரூபாய்க்காகக் காட்டுக்குள் நிற்பது லாபமா என்று யோசியுங்கள்.

பாலருவிக்குப் போகிறவர்கள் செங்கோட்டையை ஒட்டிய பிரானூரில் நிற்காமல் போவது கஷ்டம். அங்கே இருக்கும் பரோட்டா கடைகளை ‘பார்டர் கடை’ என்பார்கள். எல்லையோ புளியரைக்கு அப்பால் இருக்கிறதே, இங்கே என்ன பார்டர் என்று கேட்டால், 1956 நவம்பர் 1-ம் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. எல்லை நகர்ந்துவிட்டது, பரோட்டாவோடு பெயர் தங்கிவிட்டது. ஆட்களுக்குப் பரோட்டா, வண்டிக்கு டீசல் என்று இங்கேயே இரண்டையும் முடித்துக்கொண்டு ஏறலாம்.

புளியரையில் ஆரம்பிக்கிறது ‘எஸ்’ வளைவு. ஏற்றம் என்பது டீசலுக்கு எவ்வளவு? 4 டன் எடையுள்ள வேன் 100 மீட்டர் உயரம் ஏற, சமதளச் செலவுக்கு மேல் சுமார் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் ஆகும். கேட்க சிறியதாக இருக்கும். ஆனால், அதைச் சில நிமிடங்களுக்குள் எஞ்சின் எரித்தாக வேண்டும் என்பதால்தான் சூடேறுகிறது. இதே மலையில் 1904-ல் இருந்து ஓடும் செங்கோட்டை–கொல்லம் ரயிலுக்கும் மலைப்பகுதியில் ஒரு எஞ்சின் போதாமல் இன்னொன்றைச் சேர்த்து ஓட்டுவார்கள். நமக்கு இரண்டாவது எஞ்சின் கிடையாது. முன்கூட்டியே கியரைக் குறைத்து, ஏ.சி.யை அணைத்து, நிதானமாக ஏறுவதுதான் வழி. வெப்பமானி முள் ஏறினால் விசாலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள், சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

திரும்பி இறங்கும்போதுதான் டீசல் மிச்சம் பிடிக்கும் ஆசை ஆளைக் கொல்லப் பார்க்கும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இப்போதைய எஞ்சின்களில் அது உண்மையும் அல்ல. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே, இறக்கத்தில் எஞ்சின் டீசல் எடுப்பதை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் எரியும். அதோடு எஞ்சின் பிடிப்பும் போய், முழு எடையும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். எஞ்சினையே அணைத்து இறக்கினால் ஸ்டீயரிங் இறுகிவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, கேரளாவில் இருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி இந்த வளைவுப் பகுதியில் சாலையை விட்டு விலகி, கீழே செல்லும் ரயில் பாதையில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த அருகிலிருந்த வயதான தம்பதி, ரயில் வருவதை அறிந்து டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடி, அதை நிறுத்தினார்கள். தமிழக முதல்வர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். ஊரே கொண்டாடிய அந்தத் துணிச்சலோடு, அந்த இறக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்க்கில் ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல வேன்களில் சமைப்பதற்கு கேஸ் சிலிண்டர் வருகிறது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தது மறக்கக்கூடியதா? வண்டிக்குள் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். குற்றாலத்தில் சமைத்துக் கொடுக்க ஆள் உண்டு, ஓட்டல்கள் உண்டு. ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று பிளாஸ்டிக் கேனில் பெட்ரோலோ டீசலோ வாங்கி சீட்டுக்கு அடியில் வைப்பதும் அதே ரகம்தான். டீசல் போடும்போது எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கி நில்லுங்கள். மீட்டரில் பூஜ்ஜியம் பார்க்கவும் அதுதான் நேரம். அளவில் சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கலனில் பிடித்துக்காட்டச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. விடியற்காலையில் போட்டால் டீசல் அதிகம் கிடைக்கும் என்பதை நம்பி நாலு மணிக்கு எழ வேண்டாம். தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. விலை மாறுவதாக இருந்தால், 2017 ஜூனில் வந்த தினசரி விலை முறைப்படி, காலை 6 மணிக்கு மாறும்.

திரும்பும் நாளில் ஈரத்துணி மூட்டையும் சிப்ஸ் பொட்டலங்களும் சேர்ந்து சுமை குறைந்தபாடில்லை என்றாலும், காற்று இப்போது முதுகில். கிளம்பும் முன் டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். வரும்போதும் இதே மாதிரி செய்திருந்தால் கையில் இரண்டு எண்கள் இருக்கும், போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. அவற்றை ஆர்.சி. புத்தகக் கவரின் உள்பக்கம் எழுதிவையுங்கள். அடுத்த ஜூனில் தேவைப்படும்.